பழைய அலமாரிக்கு ஷாபி ஷிக் பூச்சு: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் எதற்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பர்மாத் தேக்கில் செய்த பெட்டகம், ரோஸ்வுட் சாய்வு நாற்காலி, ஊஞ்சல் பலகை, கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதிய சரிவு மேஜை, கல்லாப்பெட்டி. இவற்றின் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டு போகாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கப்பலேற்றிக் கொண்டுவந்த மரம் பர்மாத் தேக்கு. பாலிஷ் மங்கியிருந்தால் மறுபடி பாலிஷ் போட்டுக்கொள்ளலாம். பெயின்ட் ஒரு தடவை மரத்தின் நரம்புக்குள் இறங்கிவிட்டால் அதை முழுசாக எடுக்க முடியாது. விற்கப் போனாலும் பாதி விலைதான்.

ஷாபி ஷிக் பாணி பிறந்ததும் இப்படிப்பட்ட உயர்ந்த சாமான்களுக்காக இல்லை. 1980-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய சந்தைகளில் மலிவாகக் கிடைத்த மேஜை நாற்காலிகளுக்கு வெள்ளையோ வெளிர் நிறமோ பூசி, விளிம்புகளைத் தேய்த்து, துவைத்து வெளுத்த பருத்தித் துணியோடு வைத்தார்கள். வடிவமைப்பாளர் ரேச்சல் ஆஷ்வெல் 1989-இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் இதே பெயரில் கடை திறந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த வருஷம், 1990-இல், ஆனி ஸ்லோன் இங்கிலாந்தில் சாக் பெயின்டைக் கொண்டுவந்தார். பழைய பூச்சை முழுக்கச் சுரண்டாமலே மேலே அடிக்கலாம், காய்ந்ததும் சுண்ணாம்பு பூசியது போலப் பளபளப்பில்லாமல் நிற்கும் என்பதால் இந்தப் பாணிக்கு அது பொருந்திப் போனது.

செட்டிநாட்டு வீடுகளில் இதற்குத் தோதான சாமான் முகப்பிலோ பட்டாசாலையிலோ இருக்காது. பின்கட்டுக்குப் போங்கள். சமையல்கட்டில் கம்பிவலை போட்ட அலமாரி நிற்கும். கள்ளிப்பெட்டிப் பலகையில் அடித்த ஷெல்ஃப், வேலையாட்கள் உட்கார்ந்த பெஞ்சு, மா மரத்திலோ வாகையிலோ உள்ளூர் ஆசாரி செய்த ஸ்டூல், ஏற்கெனவே யாரோ பச்சை எனாமல் பெயின்ட் அடித்துக் கெடுத்த பீரோ எல்லாம் அங்கேதான். இந்த வழிகாட்டியில் உதாரணத்துக்குக் கம்பிவலை அலமாரியையே வைத்துக்கொள்கிறேன். அதில் எல்லா வேலையும் வந்துவிடும்.

இன்னொன்று. வீடு பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தால், பின்கட்டில் கிடக்கும் முக்காலிக்கும் பத்துப் பேர் சொந்தக்காரர்கள். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மரத்தில் விழுந்த விரிசலை ஒட்டிவிடலாம், பங்காளிகளுக்குள் விழுந்தால் கஷ்டம்.

வீட்டில் இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தேடலாம். தூணிலிருந்து ஊறுகாய் ஜாடி வரைக்கும் கிடைக்கிற தெரு அது. பழைய மரத்தை அறுத்துப் புதிதாகச் செய்த சாமானும் அங்கே உண்டு. பெயின்ட் அடிக்கத்தான் போகிறோம் என்றால் அது ஒரு குறையில்லை. விலை மட்டும் பழைய சாமான் விலையாக இருக்கக் கூடாது. திருகாணியின் தலையைப் பாருங்கள். ஒற்றைக் கோடு இருந்தால் பழசாக இருக்கலாம். கூட்டல் குறி இருந்தால் அந்தத் திருகாணியே 1930-களுக்கு முன் கிடையாது. முதுகுப்பலகை பிளைவுட்டா என்று பார்ப்பதும் நல்லது.

வாங்கியதை உடனே வீட்டுக்குள் வைக்காதீர்கள்

கரையானும் வண்டும் இரண்டு வேறு தொல்லைகள். கரையான் என்றால் மண் கோடு ஓடியிருக்கும், தட்டினால் பலகை உள்ளே பொத்தலாகச் சத்தம் கொடுக்கும். வண்டு என்றால் ஊசித் துளை தெரியும். துளை இருப்பதாலேயே வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று ஆகாது. அலமாரியைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, அடியில் கறுப்புத் துணியையோ செய்தித்தாளையோ விரித்து ஒரு பத்து நாள் விட்டுப் பாருங்கள். மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் வண்டு வேலையில் இருக்கிறது. ஹார்ட்வேர் கடையில் மர வண்டுக்கென்று விற்கும் மருந்தைக் கையுறை போட்டுக்கொண்டு ஊசிக் குழாயால் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி, பாலித்தீன் தாளில் காற்றுப் புகாமல் சுற்றிச் சில நாள் வையுங்கள். மருந்தும் பூச்சில்லாத மரத்தில்தான் நன்றாக இறங்கும். பெயின்ட் அடித்த பிறகு கண்டுபிடித்தால் வேலை இரட்டிப்பு.

கம்பிவலை அலமாரியில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் கால். எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருப்பார்கள். வருஷக்கணக்காக நின்றதில் கடைசி இரண்டு மூன்று அங்குலம் உளுத்துப் போயிருக்கும். நகத்தால் குத்தினால் உள்ளே போகிற அளவுக்கு இருந்தால் அந்தப் பாகத்தை அறுத்துவிட்டுப் புது மரம் ஒட்ட வேண்டியதுதான். பட்டி வைத்து மறைத்தால் ஒரு வருஷம்கூடத் தாங்காது.

கழற்று, கழுவு, காயவிடு

கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றி, எது எங்கே இருந்தது என்று எழுதி, தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு வையுங்கள். கழற்றுவதற்கு முன்னால் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி பூட்டுவதற்கு இந்தப் படம் உதவும் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமாக, சாமான் எங்கெங்கே இயல்பாகத் தேய்ந்திருக்கிறது என்பது அதில் பதிவாகிவிடும். பின்னால் இதுதான் நமக்கு வரைபடம்.

சமையல்கட்டுச் சாமானில் எண்ணெய்ப் புகை படிந்திருக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு ஸ்பூன் சலவைச் சோடா கலந்து, தேங்காய் நாரால் தேய்த்து, உடனுக்குடன் துணியால் துடைத்துவிடுங்கள். வாளித் தண்ணீரை மேலே ஊற்றுகிற வேலை வேண்டாம். அப்புறம் வெறும் தண்ணீரில் இரண்டு தடவை துடைத்து நிழலில் காயவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஈர மரத்தை நிறுத்தினால் பலகை நெளியும், வாய் பிளக்கும். இரண்டு நாள் போனாலும் நிழல்தான்.

பழைய பெயின்டில் ஈயம்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகக் கடந்து போகாதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமல் பெயின்டில், முக்கியமாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஷாபி ஷிக்கில் விளிம்பைத் தேய்ப்பதுதான் அழகு. ஈயப் பெயின்டில் அந்தத் தேய்ப்புத்தான் ஆபத்து. தூளாகிக் காற்றில் கலந்தால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிகக் கெடுதல்.

அதனால் உப்புத்தாளை உலர்ந்த பெயின்டில் போட்டுத் தேய்க்காதீர்கள். மின்சாரத் தேய்ப்பு மெஷினும் வேண்டாம், சூடு காட்டி உரிப்பதும் வேண்டாம். உரிந்து நிற்கும் செதில்களைத் தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி எடுங்கள். மீதிப் பரப்பை 180-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். என்95 முகக்கவசம், கையுறை, அடியில் பாலித்தீன் விரிப்பு கட்டாயம். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பிறகு பழைய பெயின்டை அப்படியே உள்ளே அடைத்துவிட்டு, அதன் மேல் நாமே ஒரு அடிநிறம் கொடுத்து, தேய்ப்பதை அந்த அடிநிறத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மரம் வரைக்கும் தேய்க்கிற ஆசையைப் பெயின்ட் படாத சாமானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டில், குழந்தைக் கட்டில், கடித்து விளையாடும் மரச்செப்பு இவற்றில் பழைய பெயின்ட் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

பெயின்ட் இல்லாமல் பாலிஷ் மட்டும் இருந்தால் கவலை குறைவு. மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

ஆட்டம் நிறுத்துதல்

பழைய சாமானின் இணைப்புகளை வச்சிரம் என்ற விலங்குப் பசையைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். வச்சிரம் வெந்நீருக்கு இளகும். ஆடும் இணைப்பில் வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்துக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பெவிகால் வைத்துச் சேருங்கள். பழைய பசைக்கு மேலேயே பெவிகால் ஊற்றினால் பிடிக்காது. கிளாம்ப் இல்லையா, சணல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்கினால் போதும். ஒரு நாள் அசைக்காதீர்கள்.

ஆணித் துளைக்கும் விரிசலுக்கும் அதே மரத்தின் தூளைப் பெவிகாலில் குழைத்து அடைக்கலாம். எல்லாக் காயத்தையும் மூடிவிடாதீர்கள். இந்தப் பாணிக்குச் சில காயங்கள் வேண்டும். கை கிழிக்கும் இடம், பூச்சி நுழையும் இடம் இரண்டையும் மூடினால் சரி.

கறை தடுக்கும் பூச்சு

வெள்ளை அடித்த மறுநாள் மஞ்சளாகவும் பழுப்பாகவும் கறை கசிந்து வெளியே வந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மரத்தில் இயற்கையாக உள்ள சாயம் தண்ணீர்ப் பெயின்டில் கரைந்து மேலே வருவது அது. இன்னொரு கோட் அடித்தாலும் மறுபடி வரும். அரக்குத்தான் இதை நிறுத்தும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 120 கிராம் அரக்குச் செதில் போட்டு, மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். அசையாமல் வைத்தால் மெழுகு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் வடித்தெடுத்து மெல்லிசாக இரண்டு கோட் அடியுங்கள். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பழைய எனாமல் பெயின்டை உள்ளே அடைப்பதற்கும் இதே அரக்கு உதவும். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. ஸ்பிரிட் சட்டென்று பற்றும்.

சாமான் தேக்கு என்று தெரிந்தும், பெயின்ட் ஏற்கெனவே ஏறிவிட்டதால் வேறு வழியில்லை என்றால், அரக்கு அடிப்பதற்கு முன் மரம் வெளியே தெரியும் இடங்களைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். தேக்கின் எண்ணெய்ப் பசை பூச்சைப் பிடிக்க விடாது.

பெயின்ட் கலப்பது

வெளிநாட்டுச் சாக் பெயின்ட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. பளபளப்பில்லாத உட்சுவர் எமல்ஷன் ஒரு கப், ஆசாரிகள் பாலிஷுக்குப் பயன்படுத்தும் சாக் பவுடர் மூன்றில் ஒரு கப். பவுடரை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, பிறகு எமல்ஷனில் ஊற்றிக் கிளறுங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் பிரஷ்ஷில் மணல் தட்டாது. சாக் பவுடருக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடுவோர் உண்டு. அதுவும் நன்றாகவே பிடிக்கும், ஆனால் சில மணி நேரத்தில் டப்பாவிலேயே இறுகத் தொடங்கும். முதல் தடவை செய்பவர்களுக்குச் சாக் பவுடர்தான் நல்லது. ஓர் அலமாரிக்கு அடிநிறம் அரை லிட்டர், மேல்நிறம் ஒரு லிட்டர் தாராளம்.

நிறம் தேர்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ரோஜாப்பூ இளஞ்சிவப்பும் புதினாப் பச்சையும் மேகம் மூடிய ஊர்களின் வெளிச்சத்தில் அழகு. வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், நேரே இறங்கும் நம் வெயிலில் அவை வெளிறிப் போய் மிட்டாய்க் கடை போலத் தெரியும். அடிநிறத்தை வீட்டிலிருந்தே எடுங்கள். கீழே குனிந்தால் ஆத்தங்குடித் தரைக்கல்லில் செங்கல் சிவப்பு, கரும்பச்சை, கடுகு மஞ்சள், நீலம் இருக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையில் அரக்குச் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் இருக்கிறது. இதில் ஒன்று அடியில், மேலே சுண்ணாம்புச் சுவரின் நிறம். பெயின்ட் கடை வெள்ளை அப்படியே அடித்தால் கண்ணைக் குத்தும். மஞ்சள் ஸ்டெய்னர் (பெயின்டில் நிறம் கூட்டும் சாயம்) சில சொட்டு, கறுப்பு ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள். ஒரு பலகைத் துண்டில் அடித்து, காய்ந்த பிறகு அலமாரி நிற்கப்போகும் இடத்தில் காலையிலும் மாலையிலும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம்.

எப்போது, எங்கே அடிப்பது

தை, மாசி, பங்குனி நல்ல மாதங்கள். ஆடிக்காற்றில் செம்மண் புழுதி ஈரப் பெயின்டில் வந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் சீக்கிரம் காயாது. சித்திரை வெயிலில் பிரஷ்ஷிலேயே பெயின்ட் காய்ந்து போகும். அந்த மாதத்தில் செய்தே தீர வேண்டும் என்றால் விடிகாலையில், பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு அடியுங்கள். வளவைச் சுற்றிய தாழ்வாரம்தான் சரியான இடம். வெளிச்சம் இருக்கும், நேர் வெயில் படாது.

அடிநிறம் இரண்டு கோட், மெல்லிசாக. இரண்டு கோட்டுக்கு நடுவே மூன்று நான்கு மணி நேரம். இரவு முழுக்கக் காயட்டும்.

தேய்மானம்

மறுநாள் காலையில் முன்னால் எடுத்த போட்டோவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக் கதவில் கைப்பிடிக்குக் கீழே நகம் பட்டுப் பட்டு ஒரு பிறை வடிவில் தேய்ந்திருக்கும். தட்டின் முன்விளிம்பில் பாத்திரம் இழுத்த தடம் இருக்கும். கால்களின் கீழ்ப்பாகத்தில் விளக்குமாறு இடித்த இடம். இடப்பக்கக் கதவைவிட வலப்பக்கக் கதவு அதிகம் தேய்ந்திருக்கும், ஏனென்றால் அதைத்தான் முதலில் திறப்பார்கள். இந்த இடங்களில் வெள்ளை மெழுகுவர்த்தியை நன்றாக அழுத்தித் தேயுங்கள். மற்ற இடங்களில் மெழுகு படவே வேண்டாம். மேல்நிறம் மெழுகு பட்ட இடத்தில் பிடிக்காது. சூட்சுமம் அவ்வளவுதான்.

மெழுகுத் துகளை ஊதிவிட்டு மேல்நிறம் இரண்டு கோட் அடியுங்கள். இரண்டாம் கோட் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும், முழுசாக இறுகுவதற்கு முன்னால், ஈரத் துணியால் அந்த இடங்களைத் தேயுங்கள். மேல்நிறம் வழுக்கிக்கொண்டு வந்து அடிநிறம் எட்டிப் பார்க்கும். தூசி பறக்காத வழி இதுதான், ஈயப் பெயின்ட் அடியில் இருக்கும் சாமானுக்கு இதைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். ஈயம் இல்லாத சாமானில் மறுநாள் 220-ஆம் நம்பர் உப்புத்தாளும் போடலாம்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். நாலு மூலையையும் ஒரே அளவு தேய்த்துவிட்டால் மெஷினில் செய்தது போல ஆகிவிடும். கை படாத இடம் தேயாது. பலகையின் நடுவில், உள்மூலையில், முதுகுப்பக்கம் எதையும் தொடாதீர்கள். செதுக்கு வேலை இருந்தால் மேடு மட்டும் தேயட்டும், பள்ளத்தில் வெள்ளை நிற்கட்டும். கொஞ்சம் தேய்த்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள். போதுமா என்று சந்தேகம் வந்தால் போதும். வேண்டுமென்றே சங்கிலியால் அடித்துப் பள்ளம் போடுகிற வேலை சில வீடியோக்களில் வருகிறது. அறுபது வருஷம் சமையல்கட்டில் நின்ற சாமானுக்கு அது தேவையே இல்லை.

மேல்காப்பு

அலமாரியின் வெளிப்பக்கத்துக்குத் தேன்மெழுகு. எடைக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு டர்பன்டைன். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து, கிண்ணத்தை வெளியே எடுத்துக்கொண்டு போய் டர்பன்டைனைச் சேர்க்க வேண்டும். ஆறியதும் வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும். துணியில் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து வேறு துணியால் துடைத்து மெருகேற்றுங்கள். பள்ளமான இடங்களில் கொஞ்சம் காவிப் பொடி கலந்த மெழுகைத் தேய்த்துத் துடைத்தால் பழுப்பு ஏறிய தோற்றம் வரும். அதற்கு முன்னால் வெறும் மெழுகு ஒரு கோட் இருக்க வேண்டும், இல்லையென்றால் காவி திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

மேஜைக்கும் பெஞ்சுக்கும் மெழுகு தாங்காது. சூடான காபி டபராவை வைத்தால் வட்டம் விழும். தண்ணீரில் கரையும், பளபளப்பில்லாத பாலியூரித்தேன் இரண்டு மூன்று கோட் அடியுங்கள். எண்ணெய் வார்னிஷ் மலிவுதான், ஆனால் வெள்ளையை நாளாக நாளாக மஞ்சளாக்கிவிடும். ஆளி விதை எண்ணெய் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பிரித்துக் கொடியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் ஊறப் போடுங்கள்.

மாட்ட வேண்டியவை

பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுக் கழுவலாம், ஆனால் புதுசு போல மின்ன வைக்காதீர்கள். இரும்புக் கீலில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, கொஞ்சம் மெழுகு தடவிப் பூட்டுங்கள். கிழிந்த கம்பிவலைக்குப் பதில் புது வலை கடையில் கிடைக்கும். எனக்குப் பிடித்தது, கிழிந்த பழைய கண்டாங்கியின் நல்ல பாகத்தை உட்பக்கமாகச் சுருக்கம் வைத்துக் கட்டுவது. வெளுத்த கட்டம் போட்ட பருத்தி, தேய்ந்த வெள்ளைக்குப் பக்கத்தில் அவ்வளவு பொருத்தம். உள்தட்டுகளுக்குப் பெயின்ட் வேண்டாம். அரக்கு இரண்டு கோட்டோடு விட்டுவிட்டு, எனாமல் தட்டுகளையோ ஓலைக் கொட்டான்களையோ அடுக்குங்கள்.

பெயின்ட் தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இறுகுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கனமான பாத்திரம் வைக்காதீர்கள், ஈரத் துணியால் துடைக்காதீர்கள். காலின் அடிப்பக்கத்துக்கும் அரக்கு ஒரு கோட் கொடுத்து, கம்பளித் துண்டு ஒட்டி நிறுத்துங்கள். இரும்பு ஆணி நேரே ஆத்தங்குடிக் கல்லில் உட்கார்ந்தால் துருக்கறை விழும், அது லேசில் போகாது. எறும்புக்குப் பயந்து மறுபடி தண்ணீர்க் கிண்ணம் வைப்பதாக இருந்தால், கிண்ணத்துக்குள் ஒரு கருங்கல் துண்டைப் போட்டு, தண்ணீர் மரத்தைத் தொடாத உயரத்தில் காலை அதன் மேல் ஏற்றுங்கள்.